பழி பெட்டியின் மேல், பழுது கம்பியில்!

கார் கிளம்ப மறுக்கிறது. அல்லது ஓடிக்கொண்டிருந்த வண்டி சிக்னலில் நின்றவுடன் அணைந்துவிடுகிறது. ஒர்க்ஷாப்புக்குத் தள்ளிக்கொண்டு போனால் கால் மணி நேரத்தில் தீர்ப்பு வந்துவிடுகிறது. "ஈ.சி.எம். போயிந்தி சார்" என்று தெலுங்கிலோ, "ஈ.சி.எம். கராப் ஹோகயா" என்று உருதுவிலோ. எந்த மொழியில் சொன்னாலும் பொருள் ஒன்றுதான்: பல ஆயிரம் ரூபாய் செலவு!

மாதச் சம்பளத்தில் பழைய மாருதி ஒன்றை வாங்கி வைத்திருக்கும் குமாஸ்தாவுக்கு அது ஒரு மாதச் சம்பளம். தவணையில் வாடகைக் கார் ஓட்டிப் பிழைப்பவருக்கு அதைவிடக் கஷ்டம். வண்டி நிற்கும் நாளுக்கும் தவணை நிற்பதில்லை.

அந்தத் தீர்ப்பு பல நேரங்களில் தவறானது. பழி விழுவது பெட்டியின் மேல். பழுது இருப்பதோ ஒரு கம்பியில், ஒரு ஃபியூசில், அல்லது துருப்பிடித்த ஓர் எர்த் முனையில். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பது இதுதான். புதுப் பெட்டி மாட்டிய பிறகும் வண்டி கிளம்பாமல் நிற்கும்போதுதான் உண்மை தெரிகிறது. அதற்குள் பணம் போய்விடுகிறது.

தீர்ப்புச் சொல்வதற்கு முன் செய்ய வேண்டிய சோதனைகள் என்ன, அவை எந்த வரிசையில் நடக்க வேண்டும் என்பதை வண்டி வைத்திருப்பவர்கள் தெரிந்துகொள்வது நல்லது. ஸ்பானர் பிடிக்கத் தெரியாதவர்களும் கேள்வி கேட்கலாம் அல்லவா?

எலெக்ட்ரானிக்ஸ் பெயர் கொண்ட பேட்டை

இதைப் பற்றிப் பேச ஏ.எஸ்.ராவ் நகரை விடப் பொருத்தமான இடம் ஐதராபாத்தில் இல்லை. குஷாய்குடாவுக்கும் காப்ராவுக்கும் அருகில் உள்ள இந்தக் குடியிருப்பு, இ.சி.ஐ.எல். என்று எல்லோரும் அழைக்கும் இந்திய எலெக்ட்ரானிக்ஸ் கார்ப்பரேஷன் ஊழியர்களுக்காக உருவானது. அந்த நிறுவனத்தைத் தொடங்கி வளர்த்த விஞ்ஞானி அய்யகாரி சாம்பசிவ ராவின் பெயரே இந்த நகரின் பெயர்.

1914-ல் பிறந்தவர் டாக்டர் ராவ். ஹோமி பாபாவுடன் பணியாற்றியவர். அணு உலைக்கு வேண்டிய மின்னணுக் கருவிகளை வெளிநாட்டிலிருந்து வாங்காமல் இங்கேயே செய்ய முடியும் என்று நம்பியவர். அந்த நம்பிக்கையில் 1967-ல் ஐதராபாத்தில் இ.சி.ஐ.எல். பிறந்தது. அணுமின் நிலையங்களுக்கான கட்டுப்பாட்டுக் கருவிகள், டி.டி.சி.-12 கம்ப்யூட்டர், வீடுகளில் வைக்கப்பட்ட இ.சி. டி.வி., பிற்காலத்தில் வாக்குப்பதிவு எந்திரம் என்று அதன் பட்டியல் நீண்டது. 1972-ல் பத்மபூஷண் விருது பெற்ற டாக்டர் ராவ் 2003-ல் மறைந்தார்.

அதே 1967-ஆம் ஆண்டில் இன்னொன்றும் நடந்தது. ஜெர்மனியின் போஷ் நிறுவனம் 'டி-ஜெட்ரானிக்' என்ற அமைப்பை வோக்ஸ்வாகன் 1600 காரில் பொருத்தி விற்பனைக்கு அனுப்பியது. என்ஜினுக்கு எவ்வளவு பெட்ரோல் வேண்டும் என்பதை மின்னணுப் பெட்டி ஒன்று முடிவு செய்த கார்களில், பெருமளவில் விற்பனைக்கு வந்த முதல் கார் அது. 1979-ல் பெட்ரோலையும் தீப்பொறியையும் ஒரே பெட்டி கவனிக்கும் 'மோட்ரானிக்' வந்தது. இன்று நம் வண்டிகளில் இருப்பது அந்த வம்சத்தின் வாரிசு.

பெட்டி என்ன செய்கிறது?

அம்பாசிடர், பத்மினி காலத்தில் கார்புரேட்டர் இருந்தது. காற்றின் இழுப்பில் பெட்ரோல் தானாகக் கலந்தது. பிளாட்டினம் பாயின்டைத் தேய்த்து, திருகைக் கால் சுற்றுத் திருப்பி, காதால் கேட்டே டியூன் செய்த மேஸ்திரிகள் இருந்தார்கள்.

புகை பெருகியதும் சட்டங்கள் வந்தன. 2010 ஏப்ரலில் ஐதராபாத், சென்னை, பெங்களூர் உள்ளிட்ட 13 நகரங்களில் பாரத் ஸ்டேஜ் 4 விதிகள் நடைமுறைக்கு வந்தன. 2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுவதும் பாரத் ஸ்டேஜ் 6. கார்புரேட்டரை வைத்துக்கொண்டு இந்த அளவுகளைத் தொட முடியாது. எனவே பெட்டி வந்தது.

ஈ.சி.எம். என்பது கைப்பிடிப் புத்தகம் அளவுள்ள ஓர் உலோகப் பெட்டி. சில வண்டிகளில் டாஷ்போர்டுக்கு அடியில் இருக்கும். சிலவற்றில் பானெட்டுக்குள் பேட்டரி பக்கத்தில் இருக்கும். ஈ.சி.யு. என்றும் சொல்வார்கள். அதற்குக் கண், காது எல்லாம் சென்சார்கள். கிராங்க் எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது, தண்ணீர் எவ்வளவு சூடு, எவ்வளவு காற்று உள்ளே போகிறது, ஆக்சிலரேட்டர் எவ்வளவு மிதிக்கப்பட்டிருக்கிறது என்று அவை செய்தி அனுப்பும். பெட்டி கணக்குப் போட்டு, இன்ஜெக்டரை எவ்வளவு நேரம் திறப்பது, பிளக்கில் எப்போது பொறி தட்டுவது என்று உத்தரவு போடும்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. செய்தி தவறாக வந்தால் உத்தரவும் தவறாகத்தான் போகும். ஸ்டேஷனுக்குத் தவறான தந்தி வந்தால் அது ஸ்டேஷன் மாஸ்டரின் குற்றமா? உத்தரவு சரியாகப் போயும் நடுவில் கம்பி அறுந்திருந்தால் அதற்கும் அவர் பொறுப்பல்ல. ஆனால் வெளியிலிருந்து பார்ப்பவருக்கு மூன்றும் ஒன்றுபோலவே தெரியும். ஈ.சி.எம். மேல் பழி விழுவதன் காரணம் இதுதான்.

முதல் விதி: பேட்டரியைக் கழற்றாதே

கோளாறு வந்தவுடன் பேட்டரியின் கம்பியைக் கழற்றி மாட்டுவது பலரின் வழக்கம். சில நேரம் வண்டி ஓடவும் செய்யும். ஆனால் பல வண்டிகளில், என்ன கோளாறு என்று பெட்டி குறித்து வைத்திருந்த எண்கள் அத்தோடு அழிந்துவிடும். திருட்டு நடந்த வீட்டைப் போலீஸ் வருவதற்குள் கூட்டிப் பெருக்கியதுபோல ஆகிவிடும்.

எனவே முதலில் ஸ்கேனரைப் பொருத்தி எண்களைப் படித்துத் தாளில் எழுதிக்கொள்ள வேண்டும். ஸ்டியரிங்குக்குக் கீழே 16 முனைகள் கொண்ட ஒரு சாக்கெட் இருக்கும். அமெரிக்காவில் 1996 மாடல் முதல் கட்டாயமாக்கப்பட்ட முறை இது. இந்தியாவிலும் பாரத் ஸ்டேஜ் 4 காலத்தில் கட்டாயமானது. கைபேசியோடு சேர்த்து எளிய எண்களைப் படிக்கும் சிறு கருவிகள் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கின்றன. கோளாறு நேர்ந்த வினாடியில் என்ன வேகம், என்ன சூடு என்பதையும் பெட்டி பதிந்து வைத்திருக்கும். அதையும் எழுதிக்கொள்வது நல்லது.

எண் என்பது தீர்ப்பு அல்ல

பலர் ஏமாறும் இடம் இங்கேதான். ஸ்கேனர் 'பி 0118' என்று காட்டினால், என்ஜின் சூட்டைச் சொல்லும் சென்சாரின் மின்சுற்றில் வோல்ட் அதிகம் என்று பொருள். சென்சார் கெட்டுவிட்டது என்று அது சொல்லவில்லை. பெட்டி கெட்டுவிட்டது என்றும் சொல்லவில்லை. "இந்தத் தெருவில் ஏதோ தகராறு" என்று மட்டும் சொல்கிறது. எந்த வீட்டில் என்று தேடுவது மெக்கானிக்கின் வேலை.

எப்படித் தேடுவது என்று பார்ப்போம். ஐதராபாத்தின் மே மாத வெயிலில் நிற்கும் காரில், ஸ்கேனர் என்ஜின் சூட்டை மைனஸ் 40 டிகிரி என்று காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். இமயமலையிலும் அரிதான குளிர்! மின்சுற்று எங்கோ அறுந்திருக்கிறது என்பதற்கு அது அடையாளம்.

இப்போது சென்சாரின் பிளக்கைக் கழற்றி, கம்பிப் பக்கம் உள்ள இரு முனைகளையும் ஒரு சிறு கம்பியால் இணைக்க வேண்டும். ஸ்கேனரில் சூடு ஒரேயடியாக ஏறி உச்சத்துக்குப் போனால் கம்பியும் சரி, பெட்டியும் சரி. கெட்டது சென்சார்தான். எண் அசையாமல் மைனஸ் 40-லேயே நின்றால் குற்றம் கம்பியிலோ பெட்டியிலோ இருக்கிறது. அதே சோதனையைப் பெட்டியின் அருகில், அதே இரு கம்பிகளில் செய்ய வேண்டும். அங்கே எண் ஏறினால் நடுவில் கம்பி அறுந்திருக்கிறது. அங்கேயும் ஏறாவிட்டால்தான் பெட்டியைச் சந்தேகிக்க வேண்டும்.

மூன்று படிகள், ஐந்து நிமிட வேலை. சென்சாரும் கம்பியும் நிரபராதி என்று நிரூபணமான பிறகே பெட்டியின் மேல் கை வைக்க வேண்டும் என்பதுதான் இதன் நியாயம். ஒரு எச்சரிக்கை: இரண்டு கம்பி உள்ள சூட்டுச் சென்சாரில் மட்டுமே இப்படி இணைக்கலாம். மூன்று கம்பி உள்ள சென்சாரில் இணைத்தால் உள்ளதும் கெடும்.

சோறு போட்டோமா என்று பார்

வண்டி அறவே கிளம்பவில்லை, ஸ்கேனரும் பெட்டியோடு பேச மறுக்கிறது என்றால் "மூளை செத்துவிட்டது" என்று சொல்லிவிடுவது எளிது. பட்டினி கிடப்பவனும் பேசமாட்டான் என்பதை மறந்துவிடுகிறோம். பெட்டிக்கு மின்சாரம் போகிறதா என்பதே முதல் கேள்வி.

சாவியைத் திருப்பியதும் மீட்டர் போர்டில் என்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரிய வேண்டும். எரிந்தால் பெரும்பாலும் பெட்டிக்கு உயிர் இருக்கிறது என்று அர்த்தம். எரியாவிட்டால் பேட்டரியிலிருந்து தொடங்க வேண்டும்.

நல்ல பேட்டரி, வண்டி நிற்கும்போது ஏறத்தாழ 12.6 வோல்ட் காட்டும். ஸ்டார்ட்டர் சுற்றும்போது 10 வோல்ட்டுக்கு அருகில் நிற்க வேண்டும். அதற்கும் மிகக் கீழே இறங்கினால் பெட்டி தடுமாறும். காரணமில்லாத எண்களைக்கூடப் பதிவு செய்யும். பேட்டரியின் வயதான தோஷத்தை ஈ.சி.எம். தலையில் கட்டுவது இப்படித்தான் நடக்கிறது. என்ஜின் ஓடும்போது சுமார் 13.8 முதல் 14.5 வோல்ட் வரை இருந்தால் ஆல்டர்னேட்டர் சரி.

அடுத்து ஃபியூஸ். அதற்கடுத்து பெட்டிக்கு மின்சாரம் கொடுக்கும் மெயின் ரிலே. பல வண்டிகளில் பக்கத்திலேயே அதே அளவுள்ள இன்னொரு ரிலே இருக்கும். இரண்டையும் இடம் மாற்றிப் பார்த்தாலே பாதிச் சந்தேகம் தீரும்.

எர்த் கம்பி செய்யும் மாயம்

மின்சாரம் போனால் போதாது. திரும்பி வரவும் வழி வேண்டும். அந்த வழிதான் எர்த். என்ஜினிலும் பாடியிலும் ஒரு போல்ட்டில் முறுக்கி வைத்திருப்பார்கள். மழையும் சேறும் பட்டு, சில வருடங்களில் அது பச்சை பூத்துவிடும். பார்வைக்குப் போல்ட் இறுக்கமாகவே இருக்கும். உள்ளே தொடர்பு பாதி போயிருக்கும்.

இதைக் கண்டுபிடிக்கச் சாதாரணமாக மீட்டர் வைத்தால் போதாது. முனிசிபல் குழாய் அடைத்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். குழாயை மூடி வைத்தால் அழுத்தம் முழுதாகவே காட்டும். திறந்தால்தான் சொட்டுச் சொட்டாக வருவது தெரியும். கம்பியும் அப்படியே. ஒரே ஓர் இழை மிச்சமிருந்தாலும் மீட்டர் 12 வோல்ட் காட்டும். வேலை கொடுத்தால்தான் குட்டு வெளிப்படும்.

ஆகவே சோதனை இப்படி நடக்க வேண்டும். மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பெட்டியின் எர்த் கம்பியிலும், மறு முனையைப் பேட்டரியின் நெகடிவ் முனையிலும் வைத்து, ஒருவர் ஸ்டார்ட்டரைச் சுற்ற வேண்டும். மீட்டர் 0.1 வோல்ட்டுக்குள் காட்டினால் எர்த் நல்லது. அரை வோல்ட், ஒரு வோல்ட் என்று ஏறினால் குற்றவாளி அகப்பட்டுவிட்டான். போல்ட்டைக் கழற்றி உப்புத்தாள் போட்டுத் தேய்த்து இறுக்கினால் வேலை முடிந்தது. செலவு ஒரு தேநீர்க் காசு.

அதேபோல் பெட்டிக்கு வரும் மின்சாரக் கம்பியில் மீட்டரோடு ஒரு 12 வோல்ட் பல்பையும் மாட்டிப் பார்ப்பது அனுபவசாலிகளின் வழக்கம். பல்பு பிரகாசமாக எரிந்தால் கம்பி நல்லது. மங்கினால் கம்பி நோயாளி. ஆனால் சென்சார் கம்பிகளில் பல்பை மாட்டக் கூடாது. அவை அந்தப் பளுவைத் தாங்கமாட்டா.

ஐந்து வோல்ட் ரகசியம்

மின்சாரமும் எர்த்தும் சரி; இன்னும் பெட்டி பேசவில்லை. இப்போதும் அவசரப்படக் கூடாது.

பெட்டி தன் சென்சார்களில் பலவற்றுக்கு 5 வோல்ட் மின்சாரம் அனுப்புகிறது. பல சென்சார்கள் ஒரே 5 வோல்ட் கம்பியைப் பங்கு போட்டுக்கொள்கின்றன. அவற்றில் ஒன்று உள்ளே ஷார்ட் ஆனால் மொத்த 5 வோல்ட்டும் விழுந்துவிடும். ஒரே வீட்டில் ஃபேன் ஷார்ட் ஆனால் எல்லா விளக்கும் அணைவதுபோல. சில வண்டிகளில் அதனாலேயே பெட்டி முடங்கிக் கிடக்கும்.

மீட்டரில் 5 வோல்ட் வரவில்லையா? சென்சார்களின் பிளக்கை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டே வர வேண்டும். எதைக் கழற்றியதும் 5 வோல்ட் திரும்பி வருகிறதோ, அந்தச் சென்சாரோ அதன் கம்பியோதான் குற்றவாளி. எல்லாவற்றையும் கழற்றியும் 5 வோல்ட் வரவில்லை, கம்பியும் எங்கும் உரசவில்லை என்றால் அப்போது பெட்டியைச் சந்தேகிக்க நியாயம் உண்டு.

ஸ்டார்ட்டர் சுற்றியும் என்ஜின் பிடிக்காத வண்டியில் இன்னொரு சோதனை உண்டு. சுற்றும்போது ஸ்கேனரில் என்ஜின் வேகம் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். 200, 250 என்று ஏதாவது காட்டினால் கிராங்க் சென்சார் வேலை செய்கிறது. பூஜ்யமே காட்டினால் அந்தச் செய்தி பெட்டிக்கு வரவில்லை. என்ஜின் சுற்றுவதே தெரியாத பெட்டி பெட்ரோலும் விடாது, பொறியும் தட்டாது. அது பெட்டியின் கோளாறு அல்ல, பெட்டியின் ஒழுங்கு.

உண்மையிலேயே பெட்டி கெடுவது எப்போது?

பெட்டி கெடாது என்று யாரும் சொல்லவில்லை. கெடும். அதற்குக் காரணங்கள் உண்டு.

முதல் எதிரி தண்ணீர். 2020 அக்டோபரில் ஐதராபாத்தை மூழ்கடித்த மழையும், 2015 டிசம்பரில் சென்னையைச் சூழ்ந்த வெள்ளமும் மறக்கக்கூடியவையா? தண்ணீரில் நின்ற வண்டியில் சாவியைத் திருப்பிப் பார்ப்பதே பெரிய தவறு. ஈரத்தோடு மின்சாரம் சேர்ந்தால் முனைகளும் தகடும் அரித்துவிடும். என்ஜினை நீர்ப் பீச்சியால் கழுவுவதும் ஆபத்துதான்.

இரண்டாவது எதிரி அவசரம். இன்னொரு வண்டியின் பேட்டரியிலிருந்து கம்பி கொடுக்கும்போது பாசிடிவ், நெகடிவ் மாறினால் பெட்டி கருகக்கூடும். பேட்டரியைக் கழற்றாமல் பாடியில் வெல்டிங் வைப்பதும் அப்படித்தான்.

மூன்றாவது எதிரி எலி. நிறுத்தி வைத்த வண்டியின் கம்பிகளைக் கடித்து அம்மணமாக்கிவிடும். அவை ஒன்றையொன்று தொட்டால் பெட்டிக்குச் சேதம்.

நான்காவது, வெளியே உள்ள பாகத்தின் ஷார்ட். இக்னிஷன் காயில் உள்ளுக்குள் ஷார்ட் ஆனால், அதை இயக்கும் பெட்டியினுள் இருக்கும் டிரான்சிஸ்டர் அளவுக்கு மீறிய மின்சாரத்தில் கருகும். இங்கே பெட்டி உண்மையிலேயே கெட்டிருக்கிறது. ஆனால் அதைக் கொன்றவன் காயில். காயிலைச் சோதிக்காமல் புதுப் பெட்டி மாட்டினால் அதுவும் கருகும். இரண்டு பெட்டி வாங்கியும் வண்டி ஓடாதவர்களின் கதைகளில் பல இப்படிப்பட்டவை. எய்தவன் இருக்க அம்பை நோவானேன்?

சில எண்கள் நேராகப் பெட்டியையே சுட்டும். 'பி 0601' என்றால் பெட்டியின் நினைவுப் பகுதியில் கணக்கு ஒத்துவரவில்லை. 'பி 0606' என்றால் அதன் பிராசசரில் கோளாறு. அப்போதும் பேட்டரியையும் எர்த்தையும் சரிபார்த்து, எண்ணை அழித்து, மறுபடி வருகிறதா என்று பார்த்தே முடிவு கட்ட வேண்டும்.

பெரியவர்கள் நடத்திய விசாரணை

பெட்டியின் மேல் குற்றம் சாட்டுவது எவ்வளவு கடினமான காரியம் என்பதற்கு உலகறிந்த வழக்கு ஒன்று உண்டு.

2009, 2010-ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவில் டொயோட்டா கார்கள் சில, ஓட்டுநரின் விருப்பமின்றித் திடீரென வேகமெடுப்பதாகப் புகார்கள் குவிந்தன. உயிர்களும் போயின. லட்சக்கணக்கான கார்கள் திரும்ப அழைக்கப்பட்டன. தரை விரிப்பில் ஆக்சிலரேட்டர் சிக்குவது, மிதித்த பெடல் திரும்பாமல் ஒட்டிக்கொள்வது என்று இரண்டு காரணங்கள் வெளிவந்தன. ஆனாலும் "எலெக்ட்ரானிக்ஸ்தான் காரணம்" என்று பலர் சொன்னார்கள்.

அமெரிக்க அரசு, விண்வெளி ஆராய்ச்சி நிறுவனமான நாசாவின் பொறியாளர்களிடம் பொறுப்பை ஒப்படைத்தது. பத்து மாத ஆராய்ச்சிக்குப் பின் 2011 பிப்ரவரியில் முடிவு வெளியானது. ஆபத்தான திடீர் வேகத்துக்கு எலெக்ட்ரானிக்ஸ் காரணம் என்று காட்டும் ஆதாரம் கிடைக்கவில்லை என்று அறிவித்தார்கள்.

கதை அங்கே முடியவில்லை. 2013 அக்டோபரில் ஓக்லஹோமா மாநில நீதிமன்றத்தில், கட்டுப்பாட்டு மென்பொருளை ஆராய்ந்த நிபுணர்களின் சாட்சியத்தைக் கேட்ட ஜூரிகள், ஒரு விபத்துக்கு டொயோட்டாவே பொறுப்பு என்று தீர்ப்பளித்தார்கள்.

நாசா பொறியாளர்களுக்கே பத்து மாதம் ஆயிற்று. நிபுணர்களுக்குள்ளேயே கருத்து வேறுபட்டது. அப்படியிருக்க, பானெட்டைத் திறந்த கால் மணி நேரத்தில், மீட்டர் கூட வைக்காமல் சொல்லப்படும் தீர்ப்புக்கு எவ்வளவு மதிப்பு? சந்தேகம் வேறு, நிரூபணம் வேறு.

மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால்...

எல்லாச் சோதனையும் முடிந்து, பெட்டிதான் என்று நிரூபணமாகிவிட்டது. அப்போதும் வழிகள் ஒன்றுக்கு மேல் உண்டு.

சில கோளாறுகளைப் பெட்டியைத் திறந்து சரிசெய்யலாம். உப்பிய கெப்பாசிட்டர், வெடித்த சால்டர், கருகிய டிரான்சிஸ்டர் ஆகியவற்றை மாற்றும் கைத்திறன் உள்ளவர்கள் இருக்கிறார்கள். எழுத்தில் உத்தரவாதம் கொடுத்தால் அது சிக்கனமான வழி.

பழைய பெட்டி வாங்குபவர்கள் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். சென்னைப் புதுப்பேட்டையிலோ செகந்திராபாத் ராணிகஞ்சிலோ அதே மாடல் பெட்டி கிடைக்கலாம். ஆனால் அப்படியே மாட்டினால் ஓடும் என்று நினைக்கக் கூடாது. இம்மொபிலைசர் உள்ள வண்டியில் சாவியும் பெட்டியும் ஒன்றையொன்று அடையாளம் தெரிந்து வைத்திருக்கும். புதிய பெட்டிக்கு உங்கள் சாவி அந்நியன், பெட்ரோல் விடாது. சாவியோடு சேர்த்துப் பதிய வேண்டும், அல்லது பழைய பெட்டியில் உள்ள விவரத்தைப் புதியதில் ஏற்ற வேண்டும். பெட்டியின் மேல் அச்சிட்டுள்ள எண் முழுவதும் பொருந்துகிறதா என்பதையும் பார்க்க வேண்டும். உருவம் ஒன்றாக இருந்தால் போதாது.

கேட்க வேண்டிய ஐந்து கேள்விகள்

மெக்கானிக்குகள் எல்லாம் ஏமாற்றுபவர்கள் என்று இங்கே சொல்லவில்லை. கார்புரேட்டரில் கை பழகிய பலருக்கு மீட்டர் பிடிக்கச் சொல்லித்தர ஆளில்லை. அதனால் ஒவ்வொரு பாகமாக மாற்றிப் பார்க்கிறார்கள். செலவு மட்டும் வண்டிக்காரர் தலையில் விடிகிறது. கோபப்படாமல், மரியாதையாக, இந்த ஐந்தையும் கேட்கலாம்:

ஒன்று: ஸ்கேனரில் வந்த எண் என்ன? எழுதித் தருகிறீர்களா?

இரண்டு: ஸ்டார்ட்டர் சுற்றும்போது பேட்டரியில் எத்தனை வோல்ட்?

மூன்று: அப்போது எர்த்தில் எத்தனை வோல்ட்?

நான்கு: சென்சாருக்குப் போகும் 5 வோல்ட் வருகிறதா?

ஐந்து: பெட்டி கருகியிருந்தால், கருக்கியது எது? அதைச் சரிசெய்துவிட்டீர்களா?

ஐந்துக்கும் பதில் சொல்லும் மெக்கானிக் கிடைத்தால் அவரை விட்டுவிடாதீர்கள். பதில் இல்லையென்றால் இன்னொருவரிடம் காட்டிய பிறகே பணம் கொடுக்க வேண்டும்.

மாற்றிய பிறகு, கழற்றிய பழைய பெட்டியைக் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். பில்லும் உத்தரவாதமும் எழுத்தில் இருக்க வேண்டும். ஏமாற்றப்பட்டதாகத் தெரிந்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பேசலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் கொடுக்கலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் அங்கே கட்டணம் கிடையாது. பில் இல்லாவிட்டால் வழக்கை நிரூபிப்பது கடினம் என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

நம் பிள்ளைகளுக்கு ஒரு தொழில்

வீட்டில் பத்தாவது முடித்த பையன் இருந்தால் இதில் ஒரு வழியும் இருக்கிறது. ஐ.டி.ஐ.-யில் மோட்டார் வாகன மெக்கானிக் பிரிவு இரண்டு ஆண்டுப் படிப்பு. அதோடு வோல்ட், ஓம், ஷார்ட், எர்த் ஆகிய நான்கையும் கையால் அளந்து பழகியவனுக்கு எந்த ஊரிலும் வேலை உண்டு. கோட்டியில் உள்ள குஜராத்தி கல்லி கடைகளில் ஒரு சாதாரண மல்டிமீட்டர் சில நூறு ரூபாய்தான். வீட்டுப் பேட்டரியிலும் பல்பிலும் அளந்து பழகலாம். மின்சுற்றைப் படிக்கத் தெரிந்தவனுக்கு நாளை மின்சாரக் கார் வந்தாலும் பயமில்லை. அதிலும் பெட்டிகள் உண்டு, கம்பிகள் உண்டு, எர்த்தும் உண்டு.

அதுவரை வண்டி வைத்திருக்கும் நம்மவர்களுக்குச் சொல்ல வேண்டியது இவ்வளவே. புதுப் பெட்டிக்குப் பணம் எண்ணுவதற்கு முன், "எர்த்தில் எத்தனை வோல்ட்?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். அந்தக் கேள்விக்குக் காசு இல்லை.